மாணிக்கம் பேரில் ஒரு வேலி

எங்கள் துறையின் இளம் டாக்டர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். "மேடம், அந்தக் காலத்துல எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று செந்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல பிள்ளை. வந்தவர் தன் மடிக்கணினியில் இப்போதைய நோயாளிப் படிவத்தைக் காட்டினார். கேள்வி, அதற்கு நேராகக் கட்டம். கட்டத்தைத் தொட்டால் டிக் விழுகிறது. 'மெய்க்குப் பொருந்தாத நம்பிக்கை: உண்டு / இல்லை' என்று ஒரு வரி இருந்தது.

"தெரியலைன்னு ஒரு கட்டம் கிடையாதா?" என்று கேட்டேன்.

"தெரியலைன்னா எப்படி மேடம் ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கிறது?"

நியாயமான கேள்வி. நான் ஆயுசு முழுக்கத் தெரியாமலேயே ஆரம்பித்தவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வெற்றிக் கதை எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தம் இல்லை.

நான் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதார் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் வெளியாருக்குக் காட்டாத சொத்து இரண்டு உண்டு. ஒன்று, மொத்தம் எவ்வளவு நிலம் என்பது. இன்னொன்று என் பெரியப்பா. கொல்லைப்புறத்தை ஒட்டிய அறையில் இருந்தார். வீட்டில் கல்யாணம், காரியம் என்று கூட்டம் வந்தால் அந்த அறையை வெளியே தாழிடுவார்கள். "அண்ணன் குணசீலம் போயிருக்கார்" என்பார் அப்பா. ஒரு தடவை புத்தி தெளிய வேண்டி உண்மையாகவே குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்து ஒரு மாதம் நன்றாக இருந்தார். பிறகு பழையபடி ஆகிவிட்டார். எனக்கு அவரிடம் பயம் கிடையாது. வாழைப்பட்டையை நாராகக் கிழித்து என் பின்னலில் கட்டிவிடுவார். ஆனால் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. நான் டாக்டராகும் முன்பே அவர் போய்விட்டார்.

அப்பா என்னைப் படிக்க வைத்தது நான் பிரசவம் பார்ப்பேன் என்று. மேல்படிப்புக்கு மனநோய் மருத்துவம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"வீட்டுல ஒருத்தரை மறைச்சு வச்சது போதாதுன்னு நீ போர்டு மாட்டி ஊருக்குச் சொல்லப்போறியா?"

"அவ பாட்டுக்குப் படிக்கட்டும். யாராவது கேட்டா நரம்பு டாக்டர்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்னையில் அந்த வருஷங்களில் படித்த புத்தகங்களில் பாதி பிற்பாடு தப்பாகிப்போயின. நின்றது எங்கள் பேராசிரியரின் வழக்கங்கள் மட்டும். குள்ளமான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கட்டுத் தபால் கார்டு இருக்கும். நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். தெருவில் திரிந்ததைப் போலீஸ் பிடித்து வந்த ஆளாக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். சிலர் உட்காரவே மாட்டார்கள். அப்போது பேராசிரியரும் நின்றபடியே விசாரிப்பார், சுற்றி நாங்களும் கால் கடுக்க நிற்போம்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். நோயாளி சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே, சொன்ன மாதிரியே எழுத வேண்டும். மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். மொழிபெயர்த்து எழுதினால் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுப்பார். திட்ட மாட்டார். "இது நீங்க சொன்னதும்மா. அவர் சொன்னது எங்க?" என்பார். இரண்டாவது பிடிவாதம் அந்தத் தபால் கார்டு. ஒருவர் சொல்வது பொய் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. அவருடைய ஊர் முன்சீப்புக்கோ பள்ளிக்கூட வாத்தியாருக்கோ போஸ்ட்மாஸ்டருக்கோ எழுதிக் கேட்க வேண்டும். 'இன்னார் இன்னபடி சொல்கிறார். மெய்யா?' அவ்வளவுதான் கடிதம். இன்றைக்கு இப்படிச் செய்தால் ரகசியத்தைக் காக்கவில்லை என்று கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள்.

முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர் ஒருவர், காட்டுக்குள் தனக்கு ஒரு ஏரி இருப்பதாகச் சொன்னார். கடலோரத்தில் ஏது காடு, காட்டுக்குள் ஏது ஏரி என்று நாங்கள் சிரித்தோம். கார்டு போனது. வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது: 'அலையாத்திக் காட்டுக்குள் ஏரி உண்டு. இவருடையது அல்ல.' பேராசிரியர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "பாதி மெய். மீதிப் பாதிக்குத்தான் மருந்து குடுக்கணும்" என்றார். அந்தப் பாதிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பிறகு காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் என்னைப் போட்டார்கள். பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். எனக்கு ஒதுக்கிய அறையில் அதுவரை உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். வாசலில் 'மனநோய்ப் பிரிவு' என்று போர்டு எழுதியதும் முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. போர்டைக் கழற்றச் சொன்ன பிறகு கூட்டம் வந்தது. முக்காடு போட்டுக்கொண்டு வந்து "தலவலிங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு குடும்பம் இவ்வளவுக்குமேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உச்சவரம்பைக் குறைத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்புக் கொடி ஒரு கம்பத்தில், செங்கொடி இன்னொரு கம்பத்தில். கூலித் தகராறு இல்லாத அறுவடை கிடையாது. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினால் கூடவே போலீஸ் லாரியும் வரும். மண்டையில் அடிபட்டவர்கள் சர்ஜரி வார்டுக்குப் போவார்கள், பேச்சு நின்றுபோனவர்கள் என்னிடம் வருவார்கள். நிலத்தைக் காப்பாற்ற மிராசுதார்கள் என்னென்னவோ செய்துகொண்டிருந்தார்கள். அதையெல்லாம் வீட்டுப் பெண்களிடம் பேச மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு ஓடிக்கொண்டிருந்த சமயம், அப்பாவின் காரியஸ்தர் நடேசன் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். அப்பாவுக்குப் பண்ணை நிர்வாகம் முழுவதும் அவர்தான். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா, இவன் மாணிக்கம். குடமுருட்டி ஆத்துக்குத் தெக்க நம்ம பண்ணை ஆளு. பத்து நாளா ஆளு சரியில்ல. ஒரு வார்த்தை எழுதி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு. இங்க இருந்தா தொல்லை."

மாணிக்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். வேட்டி இடுப்புவரை நனைந்து சேறு காய்ந்திருந்தது. கூட அவர் மனைவி அஞ்சலை. நான் எழுந்து நின்று "வாங்க, உக்காருங்க" என்றேன். காரியஸ்தருக்கு முகம் சுண்டிவிட்டது. மாணிக்கம் உட்காரவில்லை, அதனால் நானும் நின்றேன்.

"தூக்கம் வருதா?"

"இல்லீங்க."

"எத்தனை நாளா?"

"தண்ணி வந்ததுலேருந்து."

அஞ்சலை குறுக்கிட்டாள். "சோறும் எறங்கலீங்க. விடிஞ்சா வாய்க்கால்ல போயி நெஞ்சுமட்டும் தண்ணியில நிக்கிறாரு. பொழுது சாயிற வரைக்கும் நிக்கிறாரு. கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. வெறச்சுப் போயி ரெண்டு தடவை தூக்கியாந்தோம்."

"ஏன் அங்க போய் நிக்கிறீங்க?"

"தண்ணி என்னைக் கேட்டுக்கிட்டுத்தாங்க திரும்புது. நான் இல்லாட்டி அது எங்க போவும்?"

அப்படியே தமிழில் எழுதிக்கொண்டேன். "வேற என்ன?"

"என் பேரைக் கூப்பிடுறாங்க. குப்பன் மவன் மாணிக்கம், குப்பன் மவன் மாணிக்கம்னு மூணு வாட்டி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வேற ஆளு 'இருக்கேன்'னு பதில் சொல்லிடுறாரு."

இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து நின்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் மனச்சிதைவின் முதல் தர அறிகுறி என்று படித்தது, நனைந்த வேட்டியோடு என் முன்னால் நின்று பேசியது.

"அப்புறம்?"

மாணிக்கம் காரியஸ்தரை ஒரு முறை பார்த்தார். "ஒரு வேலி நெலம் நம்ம பேர்ல இருக்குங்க."

எங்கள் பக்கத்தில் இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்கு மேல் வரும். காரியஸ்தர் கடகடவென்று சிரித்தார். "கேட்டியா பாப்பா? ஊருல இதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறான். கேக்கறவன்லாம் சிரிக்கிறான்." அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு குடுத்தாங்க உங்களுக்கு?"

"யாரும் குடுக்கலீங்க. பேர்ல இருக்கு. காயிதத்துல இன்னொரு மாணிக்கம் இருக்கான். அவன் மிராசு. நான் அவனைப் பாத்ததில்ல. நெலம் அவனுக்கு, எனக்கு இல்ல. ஆனா பேரு ஒண்ணு."

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஒன்றல்ல, இரண்டு. வாய்க்கால் தண்ணீர், பெயர் கூப்பிடும் குரல் இரண்டையும் அவர் சொன்ன தமிழில் எழுதியவள், மூன்றாவதை மட்டும் ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதினேன்: தனக்கு ஒரு வேலி நிலம் சொந்தம் என்று நம்புகிறார். கூட்டம் காத்திருந்தது, கை வேகமாகப் போயிற்று. அடுத்தது கார்டு. யாருக்குப் போடுவது? அந்த ஊர் முன்சீப்புக்கு அப்பாவைக் கேட்காமல் பதில் எழுத வராது. சுற்றி வளைத்து என் வீட்டுக்கு நானே கார்டு போட்டுக்கொள்வதாகத்தான் முடியும். எங்கள் பண்ணை ஆளுக்கு நிலம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? கார்டு போடவில்லை.

மெட்ராஸுக்கு அனுப்ப மாட்டேன் என்று மட்டும் உறுதியாக நின்றேன். அங்கே போனவர்கள் சீக்கிரம் திரும்பி வருவதில்லை. "இங்கயே வச்சுப் பாக்கறேன்" என்றேன். காரியஸ்தர் முணுமுணுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

குளோர்ப்ரோமசைன் மாத்திரை ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மாணிக்கம் தூங்கினார். பதினாலு மணி நேரம் தூங்கினார். அஞ்சலை கட்டிலடியில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் தண்ணீர் அவரைக் கேட்பதை விட்டுவிட்டது. பெயர் கூப்பிடும் குரலும் நின்றது. நிலம் மட்டும் போகவில்லை.

தினமும் காலையில் ரவுண்ட்ஸ் போகும்போது ஒரே கேள்வி கேட்பேன். "மாணிக்கம், அந்த ஒரு வேலி யாருது?"

முதல் வாரம் "நம்ம பேர்ல இருக்குங்க." இரண்டாவது வாரம் "தெரியலீங்க." நான் கேஸ் ஷீட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். ஒரு நாள் கதவுக்கு வெளியே நிற்கும்போது வார்டு சிஸ்டர் அவரிடம் சொல்வது காதில் விழுந்தது. "டாக்டரம்மா கேக்குறதுக்குச் சரியாச் சொல்லிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கய்யா." உள்ளே போய் அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், நான் கேட்கும் முன்பே சொன்னார். "ஆண்டை நெலங்கம்மா."

பண்ணை ஆட்கள் முதலாளியை ஆண்டை என்று சொல்வது பழைய வழக்கம். செங்கொடிச் சங்கம் நுழைந்த ஊர்களில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். மாணிக்கம் வந்த அன்றைக்கு அவர் வாயிலும் அது வரவில்லை. இப்போது திரும்பி வந்ததை நான் கவனித்தேன். கவனித்து, நல்ல அறிகுறி என்று எழுதி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். இந்தக் கட்டுரையில் எதை எழுதவும் எனக்குக் கூச்சமில்லை, இந்த வாக்கியத்தைத் தவிர.

தை அறுவடைக்கு முன்னால் காரியஸ்தர் மறுபடி வந்தார். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, நம்ம மாணிக்கத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். புத்தி தெளிவா இருக்கான், எழுத்துப் பத்திரத்துல கைநாட்டு வைக்கலாம்னு. ஆஸ்பத்திரியில இருந்தது டவுன் பூரா தெரிஞ்சுபோச்சு. ரிஜிஸ்திரார் சந்தேகப்பட்டா பதிய மாட்டாரு."

"அவர் என்ன பத்திரம் எழுதப்போறார்?"

"கிரயப் பத்திரம். திருச்சியில உங்க அத்தை மகன் இருக்காருல்ல, அவருக்கு விக்கிறான்."

"விக்கிறதுக்கு அவர்கிட்ட என்ன இருக்கு?"

காரியஸ்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த ஒரு வேலிதான் பாப்பா. அவன் பேர்லதான இருக்கு? உச்சவரம்பு வந்தப்ப மாத்தி எழுதினது. பினாமி. பெரியவர் உனக்குச் சொல்லலியா? இப்ப சங்கத்துக்காரனுங்க பினாமிப் பட்டியல் எழுதிக் குடுக்கப் போறானுங்களாம். பண்ணை ஆள் பேர்ல இருந்தா முதல்ல அதத்தான் புடிப்பானுங்க."

மாணிக்கத்தின் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். "பேரைக் கூப்பிடுறாங்கன்னு சொன்னாரே. வேற ஆள் பதில் சொல்றாருன்னு..."

"ஆமா. பட்டா மாத்த தாலுகா ஆபீசுக்கு அழைச்சுக்கிட்டுப் போனேன். டவாலி போட்ட பியூன் பேரைக் கூப்பிட்டான். இவன் பேந்தப் பேந்த முழிச்சான். நான்தான் 'இருக்கேன்'னு குரல் குடுத்தேன்."

"இதை அன்னிக்கு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே பாப்பா. என்ன பேசறான்னு கேட்ட. அவனே சொன்னான். அது நிஜமான்னு நீ கேக்கலியே."

சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். அப்பா களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"அவன் பேர்ல எழுதினா அவனுது ஆயிடுமா? நெலம் என்னுதுன்னு அவன் ஊர் பூரா சொன்னது பைத்தியம் இல்லாம என்ன? நீதான டாக்டர், நீயே சொல்லு."

"அவர் என்னுதுன்னு சொல்லலப்பா. என் பேர்ல இருக்குன்னுதான் சொன்னார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் அப்பா.

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்த வித்தியாசத்தின் மேல்தான் அவருடைய நிலத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. நானும் அதே வித்தியாசத்தைத் தெரியாமல் அழித்து ஆங்கிலத்தில் எழுதியவள். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை என்று தோன்றியதும் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பேராசிரியருக்கு நாலு பக்கம் எழுதினேன். கார்டில் பதில் வந்தது. 'அவர் தூங்குகிறாரா? அப்படியானால் மருந்தை நிறுத்த வேண்டாம். மற்றதற்கு நம்மிடம் மருந்து இல்லை.' கார்டைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து மறுபடி படித்தேன். நிலம் மெய். கூப்பிட்ட குரல் மெய். பதில் சொன்ன வேறு ஆள் மெய். இன்னொரு மாணிக்கம்கூட ஒரு விதத்தில் மெய்தான். ஆனால் வாய்க்கால் தண்ணீர் அவரைக் கேட்டுத் திரும்பியதற்கு எந்த ஆபீசிலும் காகிதம் கிடையாது. பத்து நாள் அவர் தூங்கவில்லை. அவருக்கு நோய் இருந்தது. அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்துக்கொள்ள நான் படித்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருவுக்கே போனேன். மாணிக்கம் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

"மாணிக்கம், நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீங்க சொன்னது நிஜம். அந்த ஒரு வேலி உங்க பேர்லதான் இருக்கு. கைநாட்டு வைக்கச் சொன்னா வைக்காதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல, "அந்தப் பேச்சு வேணாங்கம்மா. அது வியாதின்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். சற்றுக் கழித்து, "உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டார்.

அஞ்சலை என்னோடு தெருமுனைவரை வந்தாள். "உங்களுக்குத் தெரியுமா அது நிஜம்னு?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. காரியஸ்தரு வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. இருக்கிற கொட்டாய் மனையும் ஆண்டையோடதுதான, எங்க போவோம்?" என்றாள். "அவரு தூங்குறாருங்க. சோறு திங்கிறாரு. நெலம் எங்க பேர்ல இருந்தப்ப அதெல்லாம் இல்ல. நீங்க மறுபடி எதையும் கெளப்பி வுடாதீங்கம்மா."

என் சர்டிபிகேட் இல்லாமலேயே புதன்கிழமை பதிவு என்று அம்மாவின் மூலம் தெரிந்தது. லீவு போட்டுவிட்டு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போனேன். எப்படியாவது நிறுத்திவிடுவது என்று போனேனே தவிர, எப்படி என்று பஸ்ஸில் யோசிக்கும்போதுதான் புரிந்தது. இவருக்குப் புத்தி சரியில்லை என்று நான் சொன்னால் பதிவு நிற்கும், ஆனால் ஆயுசுக்கும் அவர் பைத்தியம். புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் கைநாட்டு செல்லும், நிலம் போகும். இரண்டில் எதைச் சொல்வது என்று முடிவு செய்யாமலேயே படியேறினேன்.

உள்ளே பத்திரம் எழுதுகிறவர்கள், சாட்சிக்காரர்கள், கூட்டம். காரியஸ்தர் வெற்றிலையோடு ரிஜிஸ்திரார் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். நான் கதவோரம் நின்றேன். பியூன் கூப்பிட்டான். "குப்பன் மகன் மாணிக்கம்!"

காரியஸ்தர் வாயைத் திறப்பதற்குள் "இருக்கேங்க" என்று மாணிக்கம் முன்னால் போனார்.

ரிஜிஸ்திரார் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "இந்தக் கிரயம் நீ எழுதிக் குடுக்கிறதா? உன் சம்மதந்தானா? நெலம் உன்னுதுதானே?"

மாணிக்கம் அவரைப் பார்த்தார். காரியஸ்தரைப் பார்த்தார். திரும்பிக் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னுது இல்லீங்க. ஆண்டை நெலங்க. என் பேர்ல நெலம் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அது வியாதிங்க. டாக்டரம்மா மருந்து குடுத்துத் தெளிய வச்சாங்க. இதோ அவங்களே நிக்கிறாங்க, கேளுங்க."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். ரிஜிஸ்திரார் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க இவருக்கு டாக்டரா?"

"ஆமாம்."

"ஆளுக்குப் புத்தி தெளிவா இருக்கா?"

மூன்று வாரம் தினமும் நான் அவரைக் கேட்டேன். இப்போது என்னைக் கேட்கிறார்கள். "தெளிவா இருக்கு" என்றேன்.

"தெளிவா இருக்கிற ஆளு நெலம் தன்னுது இல்லேங்கிறாரு. ஆண்டைதுங்கிறாரு. இல்ல, தெளிவு இல்லேன்னு வச்சாலும் பதிய முடியாது. நான் என்னய்யா பண்றது?" என்று காரியஸ்தரிடம் பத்திரத்தைத் தள்ளினார். காரியஸ்தர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பதில் அன்று சாயங்காலத்துக்குள் சங்கத்துக்காரர்கள் காதுக்குப் போயிற்று, பிறகு உச்சவரம்பு விசாரணை அதிகாரி காதுக்கும். அந்த ஒரு வேலி அப்பாவின் கணக்கில் சேர்ந்து உபரி நிலமாகி, பங்கு போட்டதில் மாணிக்கத்துக்கும் மூன்று மா கிடைத்தது. அப்பா என்னோடு இரண்டு வருஷம் பேசவில்லை. இவையெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு அங்கே நின்றபோது இப்படி ஆகும் என்று எனக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்குமா என்றும் தெரியாது. குணமான நோயாளி பேசியதா, பயந்த பண்ணை ஆள் பேசியதா, எங்கள் எல்லோரையும்விடப் புத்திசாலி ஒருவர் பேசியதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முடிவுக்கு வருகிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாணிக்கம் வெளியே வந்தார். என் பக்கத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, பயமும் இல்லை. முகத்தைப் பார்த்து மனசைச் சொல்வதுதான் என் தொழில். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சரியாச் சொன்னேனுங்களாம்மா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

"அப்ப வீட்டுக்குப் போவலாங்களா?"